யாழ்ப்பாணக் கடைச் சத்துமா: எதை வாங்கலாம், எதை விடலாம்

திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போனாலும் சரி, சுன்னாகம் பக்கம் போனாலும் சரி, பலசரக்குக் கடை வாசலில் சத்துமா பைக்கற் தொங்குகிறது. 2021, 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் காலைக் கோப்பைக்குள் பால்மா இருந்த இடத்தில் இதுதான் இருக்கிறது. பால்மாவுக்குப் பதிலாக வந்ததாலேயே பால்மாவைப் போலவே இதையும் நம்புகிறார்கள்: இரண்டு கரண்டி கலக்கிக் கொடுத்தால் பிள்ளையின் சத்துப் பிரச்சினை தீர்ந்தது என்று. பைக்கற்றைப் பிரித்து, லேபலை வாசித்து, காய்ச்சிப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை.

இங்கே சொல்வது 6 வயதுக்கு மேற்பட்ட, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் ரியூசனுக்கு ஓடுகிற பதின்ம வயதுக்காரருக்கும் உரியது. கைக்குழந்தைகளின் கணக்கு வேறு. கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா என்ற சத்துணவு மாவும் வேறு. 1973இலிருந்து வருகிற அந்தத் திட்டம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த சின்னப் பிள்ளைகளுக்கும் உரியது. ஓ லெவல் படிக்கிற அண்ணன் அதை உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் தம்பியின் பங்கு போகிறது, அவ்வளவுதான்.

கடையில் கிடைப்பவை மூன்று வகை. சுப்பர்மார்க்கற்றில் கிடைக்கிற, தொழிற்சாலையில் செய்த, பெரும்பாலும் சீனி சேர்த்த தானியக் கலவை ஒன்று. பெண்கள் குழுக்களும் வீட்டுக் கைத்தொழில்காரரும் வறுத்து அரைத்து, வெறும் பொலித்தீன் பையில் அடைத்து விற்கிறது இரண்டாவது. மூன்றாவது தனிக் குரக்கன் மா, அதைச் சத்துமா என்று சொல்லி விற்கிற கடைகளும் உண்டு. முடிவை முதலே சொல்லிவிடலாம்: சீனி இல்லாத, சேர்மானங்களை ஒழுங்காக எழுதியிருக்கிற வீட்டுத் தயாரிப்பு வாங்கத் தகுந்தது. சீனி சேர்த்த கலவை பிஸ்கற்றைத் தூளாக்கிக் குடிப்பதற்குக் கிட்ட வருகிறது. தனிக் குரக்கன் மா நல்ல பொருள், ஆனால் அது ரொட்டிக்கும் புட்டுக்கும் உரிய மா.

பைக்கற்றின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்கவே கூடாது. முன்பக்கத்தில் பாதாம், கஜு, பிஸ்தா எல்லாம் கொட்டிக் கிடக்கும், "21 வகைத் தானியங்கள்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்மானங்களை நிறையின்படி, கூடியதிலிருந்து குறைந்ததுக்கு எழுத வேண்டும் என்பது விதி. அந்த வரிசையில் பாதாம் ஏலக்காய்க்குப் பிறகு வந்தால் ஏலக்காயைவிடக் குறைவாகத்தான் பாதாம் போட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ மாவுக்கு எவ்வளவு ஏலக்காய் போடுவோம் என்று வீட்டில் சமைக்கிற எவருக்கும் தெரியும். 21 வகையில் முதல் ஐந்துதான் உணவு, மிச்சம் அலங்காரம்.

வரிசையில் சீனி எங்கே நிற்கிறது என்று அடுத்ததாகப் பாருங்கள். "சோளம், அரிசி, சீனி, சோயா, பயறு" என்று இருந்தால் சோயாவையும் பயற்றையும் விடச் சீனி கூட என்று பொருள். சிலர் சீனியை மூன்றாகப் பிரித்துச் சீனி, பனங்கட்டி, குளுக்கோஸ் என்று வெவ்வேறு இடத்தில் எழுதுவார்கள். தனித்தனியே பார்த்தால் கீழே நிற்கும், கூட்டினால் மேலே வந்துவிடும். திண்ம உணவுப் பைக்கற்றில் சீனி, உப்பு, கொழுப்புக்கு நிறக்குறி போடுகிற விதி இலங்கையில் உண்டு. சீனி 100 கிராமில் 22 கிராமுக்கு மேலே போனால் சிவப்பு, 8 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். வீட்டுத் தயாரிப்புகளில் இந்தக் குறி இருப்பது அரிது, ஆனாலும் அந்த எண்களை மனதில் வைத்தால் எந்தப் பைக்கற்றையும் அளக்கலாம். கொழுப்புக்குச் செம்மஞ்சள் குறி இருந்தால் பயப்பட வேண்டாம், எள்ளும் கச்சானும் போட்டால் அப்படித்தான் வரும்.

100 கிராமில் 25 கிராம் சீனி உள்ள மாவில் 30 கிராம் எடுத்தால் ஏழரைக் கிராம் சீனி. வீட்டில் அதற்கு மேலே இரண்டு தேக்கரண்டி போடுவார்கள், ஏனென்றால் "பிள்ளை குடிக்காது". மொத்தம் 16 கிராமைத் தாண்டிவிடும். ஒரு நாளைக்குச் சேர்க்கிற சீனியை 25 கிராம் அளவில் நிறுத்தினால் நல்லது என்பது 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காலை ஏழு மணிக்கே அதில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது. பனங்கட்டி போட்டால் இந்தக் கணக்கு மாறாது. குட்டானில் வருகிற பனங்கட்டிக்கு மணமும் ருசியும் உண்டு, சீனியில் இல்லாத கொஞ்ச தாதுப்பொருளும் உண்டு, ஆனால் அதில் பெரும்பங்கு சீனிதான்.

இனி, நல்ல கலவை ஒன்று உண்மையில் என்ன தருகிறது? குரக்கன் 400 கிராம், சிவப்புப் பச்சையரிசி 200, பயறு 200, உழுந்து 100, எள்ளு 50, கச்சான் 50 என்று ஒரு கிலோ போட்டதாக வைத்துக்கொள்வோம். இதில் 30 கிராம், அதாவது ஒரு கோப்பைக் கஞ்சிக்குரிய மா, ஏறத்தாழ 4 கிராம் புரதமும் 110 கலோரிக்குச் சற்று மேலும் தரும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. 10 வயதுப் பிள்ளைக்கு, 30 கிலோ எடை என்றால், நாளைக்கு 28 கிராம் புரதம் வேண்டும். கல்சியத்தைப் பார்த்தால், குரக்கனில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் இருப்பது உண்மை, தானியங்களில் அது பெரிய அளவு. ஆனால் 30 கிராம் கலவையில் வருவது 70 மில்லிகிராம்தான். 9 வயதிலிருந்து 18 வயதுவரை நாளுக்கு 1300 மில்லிகிராம் தேவை என்று அமெரிக்க அளவுகோல் சொல்கிறது. நெத்தலியும் முருங்கை இலையும் தயிரும் பாலும் சேராமல் கஞ்சி மட்டும் அந்த இடைவெளியை நிரப்பாது.

இதனால் சத்துமா வீண் என்று ஆகாது. வெறும் பிளேன்ரீயோடும் இரண்டு மாரி பிஸ்கற்றோடும் ஆறு மணி ரியூசனுக்குப் போகிற பிள்ளைக்கு இது எத்தனையோ மடங்கு மேல். தானியமும் பருப்பும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றின் புரதத்தில் குறைகிற அமினோ அமிலம் என்ற கூறை மற்றது நிரப்புகிறது. ஆனால் ஒரு கோப்பைக் கஞ்சி காலைச் சாப்பாட்டின் கால்வாசிதான். பக்கத்தில் ஒரு அவித்த முட்டையோ கடலையோ, ஒரு பழமோ இருந்தால்தான் அது சாப்பாடு.

இரும்புச்சத்து விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைகளுக்கு, 14 வயதிலிருந்து 18 வயதுவரை, நாளுக்கு 15 மில்லிகிராம் வேண்டும் என்பது அதே அமெரிக்க அளவுகோல். மேலே சொன்ன கஞ்சியில் ஒன்றரை மில்லிகிராம் அளவில் இருக்கும். தாவர உணவில் உள்ள இரும்பு இலேசில் உடம்பில் சேராது, தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைற்றேற் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மருந்து சந்தையிலேயே இருக்கிறது: கொய்யாப்பழம், நெல்லிக்காய், தோடம்பழம், ஒரு பாதித் தேசிக்காய். விற்றமின் சி அதே சாப்பாட்டில் சேர வேண்டும், பின்னேரம் சாப்பிட்டால் பலன் இல்லை. கெடுப்பது தேத்தண்ணி. கஞ்சி குடித்த கையோடு தேத்தண்ணி குடிக்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் ஊறிப்போனது. குறைந்தது ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள்.

பைக்கற்றை வீட்டில் சோதிக்கலாம். மாவில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் விட்டு, மேலே உள்ளதை மெதுவாக ஊற்றிவிட்டு அடியை விரலால் தடவிப் பாருங்கள். நறநறவென்றால் குரக்கனை ஒழுங்காகக் கழுவவில்லை. குரக்கன் கதிர் அடிக்கிற தரையிலிருந்து வருகிற மணல் அது, பல்லில் ஒருமுறை கடிபட்டால் பிள்ளை அந்தக் கஞ்சியை மறுபடி தொடாது. நிறம் கருஞ்சிவப்புக் கலந்த மண்ணிறமாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் அரிசியோ சோளமோதான் கூட. நுனிநாக்கில் ஒரு சிட்டிகை வைத்தால் வறுத்த மணம் வர வேண்டும். கைத்தால் எள்ளைக் கருக விட்டிருக்கிறார்கள் அல்லது கச்சான் எண்ணெய் காறிப்போயிருக்கிறது. பச்சை அவரை மணம் வந்தால் சோயா சரியாக வறுபடவில்லை. அரைகுறையாக வெந்த சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கிற பொருள் மிஞ்சியிருக்கும், பிள்ளை வயிறு ஊதி நெளிவது அதனாலும் இருக்கலாம். பூஞ்சண மணம் வந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். சோளத்திலும் கச்சானிலும் பூஞ்சணம் விடுகிற அஃப்லரொக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் காய்ச்சினாலும் முழுதாகப் போகாது. கச்சானும் எள்ளும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு என்பதால் அவை லேபலில் எழுதாமல் விட்ட பைக்கற்றை வாங்கவே வேண்டாம்.

தயாரித்த திகதி, முடிவுத் திகதி இரண்டும் வேண்டும். எள்ளும் கச்சானும் சேர்ந்த மாவை மூன்று மாதம் தாண்டிப் பாவிக்கக் கூடாது, எங்கள் வெயிலில் அதற்கு முன்பே காறும். கடை வாசலில் வெயில் படத் தொங்குகிற பைக்கற்றை விட்டு உள்ளே ராக்கையில் இருப்பதைக் கேளுங்கள்.

எரிச்சலூட்டுகிற விஷயம் ஒன்று. ஒரே தயாரிப்பாளரின் இரண்டு பைக்கற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் "எடை கூட", மற்றதில் "எடை குறைய". பின்பக்கத்தைத் திருப்பினால் சேர்மானம் அச்சுப் பிசகாமல் ஒன்றே. கடைக்காரரிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அது, மெலிஞ்ச பிள்ளையெண்டா பாலிலை கரைச்சுக் குடுங்கோ அக்கா, குண்டெண்டா தண்ணியிலை." சிரிக்கலாம். ஆனால் அந்த லேபலைப் பிள்ளையும் வாசிக்கிறது. 13 வயதுப் பெண்பிள்ளை "எடை குறைய" என்ற பைக்கற்றை இராச்சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கத் தொடங்குவதும், உடம்பு போட நினைக்கிற பெடியன் ஒரே நாளில் ஐந்து கோப்பை குடித்து வயிற்றைக் கெடுப்பதும் இந்த இரண்டு சொல்லிலிருந்துதான் தொடங்குகின்றன. உயரம் கூடும், ஞாபகசக்தி கூடும் என்று எழுதியிருப்பதையும் இதே கணக்கில் வையுங்கள்.

பிள்ளை மெலிவா பருமனா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. உயரத்தையும் எடையையும் அளந்து, வயதுக்குரிய உடற்திணிவுச் சுட்டி வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் 1, 4, 7, 10 ஆம் தரங்களில் இதை அளக்கிறார்கள், அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். வரைபடத்தில் கீழ்க்கோட்டுக்குக் கீழே நின்றால் சத்துமா வாங்க ஓடுவதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள். பூச்சியோ, வேறு நோயோ, மனக்கவலையோ இருக்கலாம். கலியாண வீட்டில் "என்ன, கயிறு மாதிரி இழுபட்டுப் போனாய்", "கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடு பிள்ளை" என்று நாலு பேருக்கு முன்னால் சொல்கிற சொல் எந்தச் சத்துமாவும் சரிப்படுத்தாத காயம். பதின்ம வயதில் சாப்பாட்டை ஒளிக்கிற பழக்கமும் ஒளித்துச் சாப்பிடுகிற பழக்கமும் பெரும்பாலும் இப்படியான பேச்சைச் சுற்றித்தான் வளர்கின்றன.

கஞ்சியைப் பிள்ளை ஏன் வெறுக்கிறது என்பதற்கு வீட்டில் இரண்டு காரணம். முதலாவது, அதைத் தண்டனைபோலக் கொடுக்கிறோம். "கஞ்சியைக் குடிச்சு முடிச்சாத்தான் சொக்லேற்" என்று சொன்ன அன்றே, கஞ்சி கெட்ட பொருள், சொக்லேற் பரிசு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. எதைச் சமைப்பது, எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும். எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளைக்கு விடுங்கள். புதிய ருசி பிடிபடப் பத்துப் பதினைந்து தடவைகூட எடுக்கும். அந்தத் தடவைகள் ஒவ்வொன்றும் இரண்டு கரண்டி அளவில், வற்புறுத்தல் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பா பக்கத்திலிருந்து ரோல்ஸ் சாப்பிட்டபடி மகனுக்குக் கஞ்சி நீட்டினால் பதினைந்து போதாது, ஐம்பதும் போதாது.

இரண்டாவது காரணம் எளியது. கஞ்சி கட்டி தட்டியிருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் உருண்டையின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி மூடிவிடும், உள்ளே பச்சை மா அப்படியே இருக்கும். 30 கிராம் மாவை, தட்டையாக நாலு மேசைக்கரண்டி அளவில், முதலில் 100 மில்லிலீற்றர் பச்சைத் தண்ணீரில் கரையுங்கள். வேறு பாத்திரத்தில் 200 மில்லிலீற்றர் கொதித்ததும் நெருப்பைக் குறைத்து, கரைசலை ஒரு கையால் ஊற்றி மறுகையால் அகப்பையைச் சுழற்றுங்கள். எட்டுப் பத்து நிமிடம் காய்ச்ச வேண்டும். வறுத்த மாதானே என்று இரண்டு நிமிடத்தில் இறக்கினால் உழுந்து பச்சையாக மணக்கும். இறக்கிய பிறகு ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் முதற்பாலும் விடுங்கள். அடுப்பில் வைத்து முதற்பாலைக் கொதிக்க விட்டால் திரைந்து எண்ணெய் பிரியும். உப்புச் சரியாக இருந்தால் சீனி கேட்பது குறையும், இது செய்து பார்த்தால்தான் தெரியும்.

உயர்தரம் படிக்கிற வயதில் கஞ்சிக் கோப்பையைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குப் புட்டாகவோ உருண்டையாகவோ கொடுப்பது நல்லது. சத்துமாவை மட்டும் வைத்துப் புட்டு அவித்தால் உழுந்தின் பசையும் எள்ளின் எண்ணெயும் சேர்ந்து களிபோல ஒட்டும். ஒரு பங்கு சத்துமாவுக்கு இரண்டு பங்கு வறுத்த அரிசிமா சேர்த்து, வழக்கத்தைவிடத் தண்ணீரைக் குறைத்துத் தெளித்துக் குழைத்து, பத்து நிமிடம் அவியுங்கள். சம்பலும் கீரையும் ஒரு முட்டைப் பொரியலும் இருந்தால் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்கள்.

உருண்டைக்கு 200 கிராம் மாவைத் துணியில் கட்டி, இடியப்ப மா அவிப்பதுபோல 15 நிமிடம் அவித்து அரித்துக்கொள்ள வேண்டும். 60 கிராம் பனங்கட்டியை இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து வடித்து, 60 கிராம் தேங்காய்ப்பூவை ஈரம் போக வறுத்துச் சேர்த்து, கைச்சூட்டில் 12 உருண்டை பிடிக்கலாம். ஒன்றில் 5 கிராம் சீனி அளவில் வரும். இன்ரவலுக்கு இரண்டு போதும். வறுக்காத தேங்காய்ப்பூ போட்டால் காலை ஆறு மணிக்குக் கட்டியது பத்தரைக்குள் புளித்துவிடும்.

கடையில் மனம் பிடித்த பைக்கற் இல்லையென்றால் மேலே சொன்ன ஒரு கிலோக் கணக்கை வீட்டில் செய்யலாம். குரக்கனை ஐந்தாறு தண்ணீரில் அரித்து மணல் போக்கி, ஒரு நாள் வெயிலில் காய விடுங்கள். பயற்றை எட்டு மணித்தியாலம் ஊற வைத்து ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் இரண்டு நாள் காய வைத்தால் பைற்றேற்றும் குறையும், வயிற்றுப் பொருமலும் குறையும். எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் கொட்டி வறுக்காதீர்கள், உழுந்து பொன்னிறமாகும் முன்பே எள்ளு கருகிவிடும். எள்ளையும் கச்சானையும் மில்லுக்குக் கொடுக்கவும் வேண்டாம். எண்ணெய் விட்டுக் கல்லில் அப்பும். அவற்றை வீட்டு மிக்சியில் கொஞ்சம் மாவோடு சேர்த்து விட்டு விட்டு அரைத்துப் பிறகு கலக்கலாம். மில்லிலிருந்து வருகிற மா கைச்சூட்டுக்கு மேலே சூடாக இருக்கும். அதை அப்படியே ரின்னில் அடைத்தால் மூடியில் வியர்த்து, ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். பேப்பரில் பரப்பி ஆற விட்டு, மூன்று நாலு கிழமைக்கு மேலே வராத அளவில் அரைப்பியுங்கள்.

மில்லுக்குப் போனால் முதலில் ஒன்று கேளுங்கள்: "அண்ணை, இப்ப கடைசியா என்ன அரைச்சனீங்கள்?" மிளகாய் என்றால் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், நாளைக்குக் காலையில் அரிசி அரைக்கிறவர்களுக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள்.